பாதிப் பேச்சில் புறப்படுகிறவர்

வாசகரே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். நீங்கள் அந்த இடத்தில் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இத்தாலியில், பலேர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக் கூச்சல் மூன்றாம் மாடி வரை ஏறிவரும் எங்கள் வீட்டுப் படிக்கட்டை நீங்கள் பார்த்ததும் இல்லை. இருந்தும் அழைக்கிறேன். அங்கே இருந்தவர்களில் சிலர் அவரை நேசித்தார்கள், சிலர் அவரால் எரிச்சலடைந்தார்கள், பெரும்பாலோர் ஒரே வேளையில் இரண்டையும் செய்தார்கள். அவர்களின் சாட்சியம் எந்த மன்றத்திலும் நிற்காது. நீங்கள் புதியவர். நான் சொல்லி முடிக்கும் வரை இருந்து கேட்பீர்கள். அவர் கேட்டிருக்க மாட்டார்.

அவர் எங்களுக்கு மேல்மாடியில், வேறு இரண்டு ஆண்களுடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தார். கிளிநொச்சிக்காரர். நாற்பதைக் கடந்தவர், மெலிந்த உடம்பு, இருக்கையில் இருந்தாலும் ஒரு குதிகால் தரையைத் தொடாது. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் அவரை மாமா என்று அழைத்தேன், அது போதும்.

எந்தப் பேச்சையும் அவர் அதன் முடிவு வரை கேட்டதில்லை. தமிழில் தீர்ப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. வருவேனா வரமாட்டேனா என்பது அங்கேதான் தெரியவரும். அவர் அதற்கு முன்பே படியிறங்கிவிடுவார். "விளங்கீட்டுது" என்பார். இத்தாலியருடன் பேசும்போது அதே சொல் "கபீத்தோ" ஆகும். அந்த இரண்டு சொற்களும் வாயைவிட்டு வெளியேறும் முன்னரே கால் வாசலைத் தாண்டியிருக்கும்.

"தம்பி, அந்தக் கறிக்கு உப்பு" என்று ஒருநாள் எங்கள் அடுப்படியில் அம்மா தொடங்கினார்.

"விளங்கீட்டுது அக்கா." ஒரு கரண்டி உப்பு சட்டிக்குள் விழுந்தது.

"கூடிப்போச்சு எண்டு சொல்ல வந்தனான்" என்று அம்மா மீதியைச் சுவருக்குச் சொன்னார்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் நான் பேசிய பேச்சையும் இங்கே முன்வைக்கிறேன். எதிரணியின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்துவிட்டு, பிறகு அதைக் கல் கல்லாகக் கழற்றுவது என் முறை. முதற்பகுதி முடிந்து, அவையை அமைதியில் நிறுத்திவைக்க நான் ஒரு மூச்சு எடுத்தேன். மாமா எழுந்தார். கைதட்டினார். "எங்கட பிள்ளை வெண்டிட்டுது" என்று மண்டபம் கேட்க அறிவித்துவிட்டுப் போய்விட்டார். அதுவரை நான் நிலைநாட்டியிருந்தது எதிரணியின் கட்சியை. இன்றுவரை, நான் பேச எழுந்தது எந்தப் பக்கத்துக்காக என்று அவருக்குத் தெரியாது.

ஏன் இந்த அவசரம் என்று ஒருமுறை கேட்டேன். படியில் நின்றபடி, தண்ணீர்க் கானை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "அங்கை, சண்டையின்ர கடைசி மாசங்களிலை, அறிவிப்பை முழுக்கக் கேட்டுப்போட்டு வெளிக்கிடுவம் எண்டு நிண்ட சனம், பிள்ளை..." அவர் முடிக்கவில்லை. கானில் தண்ணீர் குறைகிறது என்று மேலே போய்விட்டார். அந்தப் பேச்சின் மீதியை நான் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை.

அவருடைய தொழில், மொன்ரெயாலேக்கு ஏறும் சாலையில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்வது. முதியவரின் மகள், மாமா சிஞ்ஞோரா (அம்மணி) என்று அழைப்பவர், மருத்துவமனைத் தாதி. காலையில் இரண்டு மணித்தியாலம், பிறகு சிஞ்ஞோரா பணிக்குப் புறப்படும் மதியத்திலிருந்து இரவு உணவு வரை, மாமா அங்கே இருக்க வேண்டும். தந்தையைத் தனியே விட்டுவிட்டு மகளால் வெளியேற முடியாது. ஆகவே மாமா வாசலில் தோன்றும் கணம்தான் சிஞ்ஞோரா புறப்படக்கூடிய நேரம். அந்த முழுநேர ஒப்பந்தத்தின் மேல்தான் மாமாவின் எல்லாமே நின்றது. கிளிநொச்சியில் இருந்த மனைவியையும் மகளையும் அழைப்பதற்குப் போட்டிருந்த விண்ணப்பம், அந்த வேலையும் அந்தச் சம்பளமும் இருக்கும் வரைக்கும்தான் உயிரோடு இருக்கும்.

பஸ் வந்தால் வரும். ஆகையால் மின்சார சைக்கிள். ஆனால் அதன் பழைய பற்றரி களைத்துவிட்டிருந்தது, ஏற்றத்தின் நடுவில் மூச்சுவிட்டு நின்றது, மாமா பிந்தினார். மறுபடியும் பிந்தினார். சிஞ்ஞோரா கோபப்படவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மட்டும் அமைதியாகச் சொன்னார். அந்த ஒரு பேச்சை மாமா கடைசி வரை கேட்டிருந்தார் போலும். எங்களிடம் அதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

அடுத்த நாளே போர்கோ வெக்கியோவில் சைக்கிள் திருத்துகிற ஒரு மொரீசியஸ்காரரிடம் புதுப் பற்றரி வாங்கினார். அந்த மனிதரும் வம்சவழியில் நம்மவர்தான். பாட்டன் பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரின் பேரன். நம்முடைய கோயிலுக்கு வருவார், நெற்றி நிறைய நீறு பூசுவார், தமிழ் பேச வராது. அவர் பற்றரியைக் கொடுத்து ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறார். "கபீத்தோ" என்று மாமா வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பற்றரி ஊர்வலம் போனது. இதைப் பலேர்மோத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே புதிதாக வந்த எதுவும் முதலில் பெல்லெக்ரினோ மலைக்கு ஏறி ரொசாலியா மாதாவின் குகையைப் பார்க்கும், பிறகு இறங்கி வந்து பிள்ளையாரைப் பார்க்கும். குழந்தை, கார், தையல் மெஷின், எதுவானாலும். மாமா பற்றரியைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது படிக்கட்டில் கண்டேன்; அவருடைய நெற்றியிலும் துவாயிலும் ஒரே சந்தனம்.

"ஐயர் வைச்சவரோ?" என்று கேட்டேன்.

"அவருக்கு வேறை வேலை இருந்தது. நானே வைச்சிட்டன். நல்லா, வடிவா."

திங்கட்கிழமை சைக்கிள் சமவெளியில் முயலாக ஓடியது. ஏற்றம் தொடங்கி மோட்டர் இழுக்கத் தொடங்கியதும் திரை இருண்டது. நிறுத்தி மறுபடி போட்டால் திரை உயிர்க்கும், பற்றரி முழுதாக நிறைந்திருக்கிறது என்று காட்டும், பத்து மீட்டர் போகும், மீண்டும் இருளும். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். சிஞ்ஞோரா மேற்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் போய் விழுந்தார்.

அன்றிலிருந்து எங்கள் படிக்கட்டில் நிம்மதி இல்லை. காலையில் ஒரு கண்டுபிடிப்பு, இரவில் அதற்கு மறுப்பு. பற்றரி தாங்கியில் ஆடுகிறது என்றார். தக்காளிப் பெட்டியின் அட்டையை மடித்துச் செருகி, பழைய கழுத்துப் பட்டியால் கட்டினார். ஏற்றத்தில் நின்றது. பிரேக் பிடிக்கும்போது மோட்டரை நிறுத்துகிற கம்பிதான் குற்றவாளி என்றார், அதைக் கழற்றினார். ஏற்றத்தில் நின்றது. கழற்றியதை எப்படிப் பூட்டுவது என்று ஒருவர் கைபேசியில் காணொளி காட்ட, அதில் பேசுகிறவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் "விளங்கீட்டுது" என்று பூட்டினார். ஏற்றத்தில் நின்றது. ஒவ்வொரு நாளும் அவர் தள்ளிக்கொண்டு ஓடிய தூரம் கூடியது. வாசலில் சிஞ்ஞோரா நின்ற நிலை மாறியது. முதல்நாள் ஒரு கை சட்டைக்குள். பிறகு இரண்டு கையும். வெள்ளிக்கிழமை கைப்பை தோளில், கண் தெருவில்.

அன்று இரவு மாமா கடைக்காரருக்குத் தீர்ப்பு வழங்கினார்.

"கள்ளன். பழைய செல்லைப் புதுப் பெட்டிக்குள்ளை போட்டு என்ர தலையிலை கட்டிப்போட்டான்."

"மாமா, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அவரின்ர பக்கத்தையும்..."

"விளங்கீட்டுது. அதுக்குத்தான் நாளைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். நீ அவன்ர பக்கத்தைக் கேள். நான் என்ர பக்கத்தைச் சொல்லுறன்."

மறுநாள் சனி. எனக்குப் பள்ளி இல்லை. சிஞ்ஞோராவுக்கு மதியம் இரண்டு மணிக்குப் பணி இருந்தது. மாமா காலை வேலை முடிந்து வந்ததும், முற்பகலில் போர்கோ வெக்கியோவுக்குப் போனோம். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் பறந்தார், நான் மொழிபெயர்ப்பாளராகப் பின்னால் ஓடினேன். என் வாதத்தை வழியெல்லாம் அடுக்கியிருந்தேன்: முதலில் உண்மைகள், பிறகு வினாக்கள், இறுதியில் கோரிக்கை. கடை வாசலுக்கு இன்னும் பத்தடி இருக்கும்போதே மாமா என் முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றையும் ஒரே சொல்லில் சுருக்கினார்.

"லாத்ரோ!"

கள்ளன். அந்தக் குறுந்தெரு, அந்த ஒழுங்கை முழுவதும் கேட்டது. எதிரே கணவாய் மீன் விற்றவர் கத்தியை நிறுத்தினார். முதலாம் மாடிப் பல்கனியில் துணி காயவிட்ட பெண் துணியை விட்டுவிட்டுக் கம்பியில் சாய்ந்தார்.

மொரீசியஸ்காரர் பெரிய உடம்புக்காரர், எதையும் ஆறுதலாக, மெதுவாகச் செய்கிறவர். கையைத் துணியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. "அமைதி" என்றார். "பார்ப்போம்."

அந்த ஆறுதல் மாமாவை வதைத்ததைச் சொல்ல எனக்குச் சொற்கள் வேண்டும். அவர் ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார், கடைக்குள் போனார், வெளியே வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்காரர் பற்றரியில் மீற்றரை வைத்தார். முழு வோல்ற்.

"மீற்றரும் கள்ள மீற்றர்" என்றார் மாமா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒழுங்கையில் ஏற்றம் கிடையாது. கடைக்காரர் யோசித்தார். பின்பு சைக்கிளின் பின் தாங்கியில் தம்முடைய பெருத்த உடம்பை ஏற்றி உட்கார்ந்துகொண்டு, "மிதி" என்றார். மாமா மிதித்தார். கணவாய்க் கடை வரைகூடப் போகவில்லை, திரை இருண்டது. பல்கனிப் பெண் சிரித்தார். கடைக்காரர் இறங்கித் தம்முடைய கடைப் பற்றரியைப் பூட்டினார், மறுபடி ஏறி உட்கார்ந்தார். இந்த முறை இருவரும் ஒழுங்கையின் கடைசி வரை போய்த் திரும்பினார்கள். கடைக்காரரின் செருப்பு தரையில் இழுபட, கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கூட்டிவருகிறவன்போல மாமா நிமிர்ந்திருந்தார்.

"சொன்னன்தானே. சைக்கிள் சரி. பற்றரி பிழை. கேள் பிள்ளை, கேள் அவனை."

கேட்டேன். கடைக்காரரின் முகத்தில் முதல் தடவையாக நிழல் விழுந்தது. அவருடைய கடைத் தட்டில் அதே வகைப் பற்றரி இன்னும் நான்கைந்து இருந்தன. அவற்றைத் திரும்பிப் பார்த்தார். ஒழுங்கையும் பார்த்தது. ஒரு சொல் ஒரு மனிதனின் மேல் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை நான் மேடைகளில் பேசியிருக்கிறேன், அன்றுதான் கண்டேன்.

அவர் பற்றரியைத் தலைகீழாகத் திருப்பினார். மின்சாரம் வெளியேறும் இரண்டு பிளவுகள் அங்கே உண்டு; சைக்கிளின் தாங்கியிலுள்ள இரண்டு தகடுகள் அவற்றுக்குள் போய்ப் பொருந்தும். கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். ஒரு பல்லுக்குத்தியை உள்ளே விட்டுச் சுரண்டினார். காய்ந்த மஞ்சள் துணுக்கு ஒன்று வந்தது. அதைப் பெருவிரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்" என்றார்.

அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட ஒரே தமிழ்ச் சொல் அது. தெளிவாகச் சொன்னார், சொல்லிவிட்டுத் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு இத்தாலிய மொழியில் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். மீற்றர் கேட்பது ஒரு துளி. அந்த ஒரு துளி காய்ந்த சந்தனத்தைத் தாண்டியும் கசியும். ஏற்றத்தில் மோட்டர் கேட்பது குடம் குடமாக. அதை இந்தப் பூச்சு விடாது. தகடும் தகடும் சரியாகத் தொடவில்லை. ஒரு பக்கம் கருகவும் தொடங்கியிருக்கிறது. இன்னும் சில நாள் போயிருந்தால் நெருப்புப் பிடித்திருக்கும். நீண்ட விளக்கம். நான் கடைசிச் சொல் வரை சொன்னேன். மாமா இடையில் "விளங்கீட்டுது" என்று புறப்படவில்லை.

"அந்த ரெண்டு ஓட்டையையும் கண் எண்டு நினைச்சனான், பிள்ளை" என்றார் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். "நடுவிலை பொட்டு வைச்சனான். தண்ணி கூடிப்போச்சு. வழிஞ்சிருக்கு."

கடைக்காரர் ஏதோ திரவத்தை விசிறி, பழைய பல் தூரிகையால் தேய்த்து, ஊதி, துடைத்து, பூட்டினார். மாமா மிதிக்க, தாமே பின்னால் ஏறி உட்கார்ந்து ஒழுங்கையின் கடைசி வரை போய்வந்தார். திரை இருளவில்லை. கூலி எதுவும் கேட்கவில்லை. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கணமே புறப்பட்டால், சிஞ்ஞோரா கைப்பையை எடுப்பதற்கு முன் வாசலில் நிற்கலாம். "போங்கோ மாமா" என்றேன். அவர் போய்விட்டார், எப்போதும் போல, நன்றி என்ற சொல்லின் பாதியை என்னிடம் விட்டுவிட்டு.

ஒழுங்கை முடியும் மூலையில் பிரேக் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கடை வாசலில் அல்ல, ஒழுங்கையின் நடுவில், தாம் கத்திய அதே இடத்தில் போய் நின்றார். பல்கனியைப் பார்த்தார். கணவாய்க்காரரைப் பார்த்தார். தம் உடைந்த இத்தாலிய மொழியில், உரக்க, "இவர் கள்ளன் இல்லை. பிழை என்னுடையது" என்றார்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் பலேர்மோவில் பல்கனிக்கு ஒரு விடயத்தின் பாதியைச் சொல்லிவிட்டு யாரும் போக முடியாது.

"என்ன பிழை?" என்றார் அந்தப் பெண்.

"நான் கதைக்கட்டோ மாமா? உங்களுக்கு நேரம் போகுது."

"வேண்டாம் பிள்ளை. கத்தினது நான்."

சொன்னார். பற்றரி வாங்கியதிலிருந்து தொடங்கினார். சந்தனம் என்றால் என்ன என்று கணவாய்க்காரர் கேட்டார், விளக்கினார். ரொசாலியா மாதாவிடமும் கொண்டுபோனேன் என்றதும் பல்கனிப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு, "பிறகு?" என்றார். பிறகைச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்று, தொடக்கத்தைத் தவறவிட்டோம் என்றார்கள். அவர்களுக்காகத் தொடக்கத்தை மறுபடி சொன்னார். வினைச்சொற்கள் தடுமாறின, குதிகால்கள் துடித்தன. கடைக்காரர் "போ, போதும், போ" என்று இரண்டு கையாலும் தள்ளினார். "இன்னும் முடியேல்லை" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். நான் கேட்ட பேச்சுகளிலெல்லாம் இலக்கணம் மிகக் குறைந்த பேச்சு அது. அதற்கு எதிராக நான் எந்த மேடையிலும் ஏறமாட்டேன்.

சைக்கிள் ஏற்றத்தில் ஒருமுறையும் நிற்கவில்லையாம். ஆனாலும் பிந்திவிட்டது. சிஞ்ஞோரா அயல்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தந்தையின் அருகே இருத்திவிட்டு, படியில் இவரைக் கடந்து காரில் ஏறினார். திங்கட்கிழமை சொன்னார், அமைதியாகவே. மதியத்துக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று. முதியவருக்கு உன்னைப் பிடிக்கும் என்பதால் காலை வேலை மட்டும் உனக்கு. அந்தக் காலை வேலையின் ஒப்பந்தத்தைக் காட்டி மனைவியையும் மகளையும் அழைக்க முடியாது.

எங்கள் வீட்டிலேயே கருத்து இரண்டாகப் பிரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை வைச்சுச் சொல்லியிருக்கலாம்தானே, தம்பி" என்றார் அம்மா, தேநீரை நீட்டியபடி. "ஒரு சொல்லுக்கு ஒரு வேலையோ?"

"ஞாயிறு வரைக்கும் அந்த மனிசன் அந்தத் தெருவிலை கள்ளனா எல்லோ இருந்திருப்பார், அக்கா."

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. கிளிநொச்சியில் இருந்த இருவரிடம் அந்த ஒழுங்கையில் யாரும் அனுமதி கேட்கவில்லை. இந்த வழக்கில் நான் மாமாவின் பக்கம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்ல வேண்டாம். இன்னும் ஒன்று மீதி இருக்கிறது.

அன்று மாலை அவர் ஊருக்குப் பேசினார். அவருடைய கைபேசி எப்போதும் உரத்த ஒலியில்தான் இருக்கும், அவர் எப்போதும் படியேறி இறங்கிக்கொண்டுதான் பேசுவார்; ஆகவே எங்கள் வீடு முழுவதற்கும் அவருடைய மனைவியின் குரல் பழக்கம். அன்று அவர் எங்கள் கதவுக்கு நேரே உள்ள படியில் அமர்ந்து பேசினார். எல்லாவற்றையும் சொன்னார்.

"பற்றரிக்கு ஆரப்பா பொட்டு வைக்கிறது?" என்று அந்தக் குரல் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு: "அப்ப தை மாசத்துக்கும் இல்லையோ?"

"இல்லை."

"நீங்கள்தானே தை எண்டு சொன்னனீங்கள். அதுக்கு முதல் ஆவணி எண்டு சொன்னனீங்கள். பிள்ளை சூட்கேசை அடுக்கி வைச்சிருக்குதப்பா. நல்ல உடுப்பு எல்லாம் அதுக்குள்ளைதான். எடுத்துப் போடு எண்டா, அப்பாட்டைப் போகேக்கை போடுவன் எண்டுது."

"அவளிட்டைக் குடும்."

கைபேசி கை மாறும் சத்தம் கேட்டது. மறுமுனையில் ஒரு சிறுமி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். மாமா எழுந்தார், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாடியும் கேட்கச் சொன்னார்:

"மகள், சூட்கேசைத் திறந்து உடுப்பெல்லாத்தையும் எடுத்துப் போடு. வச்சிருந்தா அளவு காணாமப் போயிடும். அப்பா மற்றப் பாதி வேலையையும் தேடி எடுப்பன். அனுமதிக் கடுதாசி என்ர கைக்கு வந்தாப் பிறகுதான் இனி உனக்கு நாள் சொல்லுவன்; அதுக்கு முன்னம் ஒரு நாளும் சொல்லமாட்டன்."